பில்லில் வராத உறை: ரத்தக்குழாய் பலூனைக் காக்கும் ஒரு சிறு குழாய்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அடைபட்ட ரத்தக்குழாயைப் பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டு வீடு திரும்பும் எந்தக் குடும்பத்திடமும் ஒரு பில் இருக்கும். சிகிச்சை சேலத்தில் நடந்திருக்கலாம், பெங்களூரில் நடந்திருக்கலாம், உள்ளூரிலேயேகூட நடந்திருக்கலாம். மருந்துக் கணக்குக்கும் படுக்கைக் கட்டணத்துக்கும் நடுவே பலூன், வயர், ஸ்டென்ட், ஷீத் என்று சில பெயர்கள் வரிசையாக நிற்கும். ஸ்டென்ட் என்றால் என்னவென்று இன்றைக்கு டீக்கடையில் கேட்டால்கூட, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய் என்று விளக்கம் கிடைக்கும். பலூனைப் பற்றியும் ஓரளவு தெரியும். ஷீத் என்ற இடத்தில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ‘பலூனுக்குப் போடுகிற உறை’ என்று யாராவது சொல்லி வைப்பார்கள்.

பில்லில் உள்ள ஷீத் அதுவல்ல. அது மணிக்கட்டிலோ தொடையிலோ தமனிக்குள் செருகப்படும் நுழைவுக் குழாய். சிகிச்சை முடியும் வரை அங்கேயே இருக்கும். பலூனும், அதற்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான வயரும் அதன் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வரும். பலூனுக்குப் போடும் உறை வேறு. அதற்குத் தனி விலை கிடையாது, ஆகவே பில்லிலும் வராது. தொழிற்சாலையிலேயே பலூனின் மேல் ஏற்றப்பட்டு, பலூனோடு சேர்ந்து வந்து, சிகிச்சை மேசையில் உருவப்பட்டு, உடனே குப்பைக்குப் போய்விடும். நோயாளியின் உடலுக்குள் அது ஒரு கணமும் நுழைவதில்லை.

தூக்கி எறிவதற்கென்றே செய்யப்படும் இந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பலூன் எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதிக் கதை இந்த உறையில்தான் இருக்கிறது. பயன்படுத்திய பலூனை ஏன் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற கேள்விக்குக் கிருமி என்பதைத் தாண்டிய பதிலும் இங்கேதான் இருக்கிறது.

சுருங்காத பலூன்

அடைபட்ட ரத்தக்குழாயை அறுக்காமல், உள்ளிருந்தே விரிக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், கால் விரல்கள் அழுகத் தொடங்கியும் காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியை அவர் திறந்தார். அவரிடம் பலூன் இல்லை. ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செலுத்தி அடைப்பை அகட்டினார். கால் தப்பியது. ஆனால் அந்த முறையில் ஒரு வம்பு இருந்தது. அடைப்பு எவ்வளவு அகலம் திறக்க வேண்டுமோ, அந்த அளவு பருமனான குழாய் முதலில் தமனிச் சுவரில் போட்ட துளை வழியே நுழைந்தாக வேண்டும். சிறிதாக நுழைந்து உள்ளே போய்ப் பெரிதாகும் பொருள் ஒன்று தேவைப்பட்டது.

ரப்பர் பலூன் அப்போதே வந்துவிட்டிருந்தது. தாமஸ் ஃபோகார்ட்டி என்ற இளம் மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் அறுவை கையுறையின் விரல் நுனியை வெட்டி, மெல்லிய குழாயின் முனையில் வைத்துக் கட்டினார். கட்டிய முடிச்சு தூண்டில் மீன்பிடிப்பவர்கள் செயற்கைப் பூச்சி கட்டப் பயன்படுத்துவது. ரத்தக்கட்டியைத் தாண்டிப் போய், அங்கே ஊதி, கட்டியை இழுத்து வெளியே எடுக்கும் கருவி அது. இன்றும் அவர் பெயராலேயே புழங்குகிறது. கட்டியை இழுக்க ரப்பர் போதும். கெட்டிப்பட்ட அடைப்பை விரிக்க அது உதவாது. ஊத ஊத, ரப்பர் எதிர்ப்பு இல்லாத பக்கமாகப் பிதுங்கும். அடைப்பு அப்படியே இருக்க, அதன் இரு பக்கமும் உள்ள நல்ல ரத்தக்குழாய்தான் அடி வாங்கும்.

ஜெர்மனியில் பிறந்து சூரிச்சில் பணியாற்றிய ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதற்குத் தீர்வு கண்டார். தன் வீட்டுச் சமையலறை மேசையில், மனைவியும் உதவியாளர்களும் கூட இருக்க, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஊதி, பசை தடவி, நூல் கட்டிப் பல மாலைகளைக் கழித்தார். அவர் தேடியது குறித்த விட்டம் வரை மட்டும் விரிந்து, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெரிதாகாத பலூன். 1974இல் கால் தமனியிலும், 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் விழித்திருந்த 38 வயது மனிதர் ஒருவரின் இதயத் தமனியிலும் அந்தப் பலூனைப் பயன்படுத்தினார். இதய ஆஞ்சியோபிளாஸ்டியின் பிறந்த நாள் அதுதான்.

நீளாத பிளாஸ்டிக் வந்ததும் புதிய சிக்கலும் கூடவே வந்தது. ரப்பர் பலூனின் காற்றை எடுத்துவிட்டால் அது தானாகப் பழைய அளவுக்குச் சுருங்கும். பிளாஸ்டிக் பலூன் சுருங்காது. அது பெரிய அளவிலேயே வார்க்கப்பட்ட பை. உள்ளே ஒன்றும் இல்லாதபோது தட்டையாகித் தொங்கும், அவ்வளவுதான். அதை ஒல்லியாக்க வேண்டுமானால் மடித்துச் சுற்ற வேண்டும். சுற்றியது அவிழாமல் ஏதாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உறை பிறந்த காரணம் இதுவே. தூசி படாமல் காப்பது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை வடிவத்தைக் காப்பது.

மடிப்பும் உறையும்

இன்றைய பலூன்கள் பெரும்பாலும் நைலான் வகைகளாலும் பாலியெஸ்டராலும் ஆனவை. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள் வைத்துச் சூடேற்றி, அழுத்தத்தில் ஊதி, குளிர வைத்து எடுக்கிறார்கள். சுவரின் கனம் தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. இத்தனை மெல்லிய சுவர், இதயத் தமனியில் கெட்டியான அடைப்பை உடைக்கும்போது 15, 16 வளிமண்டல அழுத்தம் வரை தாங்க வேண்டியிருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஏறும் லாரியின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. உள்ளே செலுத்துவது காற்றல்ல. எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தும் உப்புநீரும் கலந்த திரவம். பலூன் வெடித்தால் காற்று ரத்தத்தில் கலந்துவிடக் கூடாது, ஊதுவது திரையில் தெரியவும் வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பலூனை எடுத்துக்கொள்வோம். விரிந்த நிலையில் அதன் சுற்றளவு சுமார் 9.4 மில்லிமீட்டர். மடித்த நிலையில் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும்; அதாவது சுற்றளவு 3 மில்லிமீட்டருக்குள். ஒன்பதரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கை மூன்று மில்லிமீட்டருக்குள் அடக்குவது கையால் ஆகிற காரியமல்ல. இயந்திரத்தின் தாடைகள் பலூனை அழுத்தி மூன்று இறக்கைகள் உண்டாக்கும். கால் தமனிக்கான பெரிய பலூன்களில் இறக்கைகள் ஐந்து ஆறுகூட இருக்கும். பிறகு அந்த இறக்கைகளை எல்லாம் ஒரே திசையில், பலூனைத் தாங்கும் மெல்லிய குழாயான தண்டின் மேல் சுற்றி, மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்துப் படிய வைப்பார்கள். அப்போது பிளாஸ்டிக்குக்கு அந்த மடிப்பு ஞாபகத்தில் தங்குகிறது. தங்கியது கலையும் முன், நுனிப் பக்கத்திலிருந்து உறையை ஏற்றிவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் உறைக்கு உண்மையான சோதனை. பலூனைக் கிருமிநீக்கம் செய்வது பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடு வாயுவால். அந்த அறையில் சூடும் ஈரப்பதமும் உண்டு. மடிப்பைப் படிய வைத்ததும் சூடுதான், அவிழ்க்கக் கூடியதும் சூடுதான். உறை இறுகப் பிடித்திருந்தால் பலூன் அந்தச் சூட்டில் மேலும் படியும். உறை இல்லாவிட்டால் இறக்கைகள் மெல்ல நிமிர்ந்துவிடும். வாயு உள்ளே போய் வெளியேறவும் வேண்டும் என்பதால் உறையை இரு பக்கமும் அடைத்துவிடவும் முடியாது. பலூனின் நடுவே வயர் செல்லும் பாதையில் மெல்லிய கம்பி ஒன்றையும் செருகி வைப்பார்கள். வெளியிலிருந்து உறை அழுத்துவதில் உள்ளிருக்கும் பாதை நசுங்காமல் இருக்க அது.

உறையின் உள்விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் பொறியாளர்களைப் பிழியும் கேள்வி. கொஞ்சம் தளர்ந்தால் மடிப்பு அவிழும், பலூன் பருத்துவிடும், அடைப்புக்குள் நுழையாது. கொஞ்சம் இறுகினால் மேசையில் உருவ வராது. மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும்போது பலூனின் மேலுள்ள வழுக்குப் பூச்சு உறையோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். எனவே உறைக்கு எதுவும் ஒட்டாத பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டெஃப்லான் அதில் முக்கியமானது. நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருப்பதும் அதுவே. பாலிஎத்திலீனும் உண்டு. எந்தப் பொருளைப் போட்டாலும் இறுக்கத்துக்கும் எளிமைக்கும் இடையே ஒரு சமரசம்தான் கிடைக்கிறது, முழுத் தீர்வு கிடைப்பதில்லை.

மேசையில் நடப்பது

கேத் லேப்பில், அதாவது ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையில், உறையை உருவுவது சில விநாடி வேலை. ஆனால் அதற்கு முறை உண்டு. பலூனுக்குச் சற்றுப் பின்னால் தண்டை ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பலூனைப் பிடிக்கக் கூடாது. மறு கையால் உறையை நுனிப் பக்கமாக, நேர்கோட்டில், அவசரமில்லாமல் இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. பெரிய பலூன்கள் பலவற்றின் கையேட்டில், முதலில் சிரிஞ்சைப் பின்னிழுத்து உள்ளே வெற்றிடம் உண்டாக்கிவிட்டுப் பிறகு உறையைக் கழற்றச் சொல்லியிருக்கும். வெற்றிடம் இறக்கைகளைத் தண்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்பதே காரணம். உறை வர மறுத்தால் பலம் காட்டாமல், அந்தப் பலூனை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும்.

ஒரு பலூனின் விலையை நினைத்தால் இந்தக் கடைசி வரி எளிதல்ல. மேசையில் நோயாளி படுத்திருக்க, அடைப்புக்கு முன்னால் வயர் நின்றுகொண்டிருக்க, கையிலிருக்கும் பலூனின் உறை மட்டும் வர மறுக்கிறது என்றால், யாராக இருந்தாலும் ஒரு முறை சற்று அழுத்தித்தான் இழுத்துப் பார்ப்பார்கள். அந்த ஓர் இழுப்பில் தண்டு நீண்டுவிடலாம், பலூன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம், திரவம் செல்லும் நுண்ணிய பாதை மடங்கிவிடலாம். வெளியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளே போய் ஊதும்போதுதான் தெரியும். ஊதாமல் போவதைவிட மோசமானது, ஊதிய பின் சுருங்காமல் போவது. இதயத் தமனிக்குள் விரிந்த பலூன் ரத்த ஓட்டத்தை முழுவதுமாக அடைத்து நிற்கும். அங்கே ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு உண்டு.

இது வெறும் கற்பனை அல்ல. 2017இல் அபாட் நிறுவனம் தன் இதயத் தமனிப் பலூன் கதீட்டர்களில் (நுனியில் பலூன் பொருத்திய மெல்லிய குழாய்கள்) மூன்று வகைகளைத் திரும்பப் பெற்றது. காரணம், பலூனின் மேலுள்ள காப்பு உறையைக் கழற்றுவதில் சிரமம். அதனால் பலூன் ஊதுவதிலும் சுருங்குவதிலும் கோளாறு வரலாம் என்பது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அதை முதல் வகுப்புத் திரும்பப் பெறலாக வகைப்படுத்தியது. கடுமையான தீங்கோ மரணமோ நேரக்கூடும் என்று கருதப்படும்போது தரும் வகுப்பு அது. உடலுக்குள் நுழையாத, குப்பைக்குப் போகிற ஒரு குழாய்க்காக உலகம் முழுக்கப் பெட்டிகளை எண்ணி எடுக்க வேண்டியதாயிற்று.

பலூனின் மேல் ஸ்டென்ட் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும்போது உறைக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. ஸ்டென்டைப் பலூனோடு பிடித்து வைத்திருப்பது உராய்வும் மடிப்புகளின் பிடிமானமும் மட்டுமே. உறையை அழுத்திப் பிடித்து இழுத்தால் ஸ்டென்ட் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நகர்ந்தது கவனிக்கப்படாமல் உள்ளே போனால், வழியில் எங்காவது கழன்றுகொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் உறையைக் கழற்றியதும், ஸ்டென்ட் தண்டிலுள்ள இரு குறிகளுக்கு நடுவே இருக்கிறதா என்று மருத்துவர் கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். விரல்களால் உருட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் விதி.

மருந்து பூசிய பலூன்கள் வந்த பிறகு விஷயம் இன்னொரு கோணம் எடுத்திருக்கிறது. பாக்லிடாக்செல் அல்லது சிரோலிமஸ் என்ற மருந்தைப் பலூனின் வெளிப்பரப்பில் பூசி, ஊதும் சில பத்து விநாடிகளில் தமனிச் சுவருக்கு மாற்றுவது இதன் தத்துவம். ஸ்டென்ட் என்ற உலோகத்தை உள்ளே விடாமலேயே மறு அடைப்பைத் தடுக்கலாம் என்பது இதன் கவர்ச்சி. ஏற்கெனவே வைத்த ஸ்டென்டுக்குள் மறுபடி அடைத்தவர்களிடம் ஜெர்மானியக் குழு ஒன்று செய்த சோதனை 2006இல் வெளியானதிலிருந்து இதற்கு வேகம் பிடித்தது. இந்தியாவில் சூரத்திலுள்ள நிறுவனம் ஒன்று சிரோலிமஸ் பூசிய பலூனைத் தயாரிக்கிறது. பூசப்படும் மருந்தில் சிறு பங்குதான் கடைசியில் தமனிச் சுவரைச் சேர்கிறது. மீதி வழியில் ரத்தத்தோடு போய்விடும். அப்படியிருக்க, உறையைக் கழற்றும்போதும், நுழைவு ஷீத்தின் வால்வைத் தாண்டும்போதும் உராய்ந்து உதிர்ந்தால் என்ன மிஞ்சும்? ஆகவே இந்தப் பலூன்களில் உறை தொடாமல் காக்கும் கவசமாகவும் ஆகிறது. மற்ற பலூன்களைப் போல இவற்றை உப்புநீரில் நனைக்கக் கூடாது, கையுறை விரலால்கூடப் பூச்சைத் தொடக் கூடாது. வால்வைத் தாண்ட உதவும் சிறு குழாய் ஒன்றைச் சில நிறுவனங்கள் கூடவே தருகின்றன.

உள்ளே போகும்போது ஒல்லி, வரும்போது?

இனி பில்லில் வரும் ஷீத்துக்கு வருவோம். ஸ்வீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953இல் விவரித்த முறைதான் இன்றும் அடிப்படை: ஊசி, ஊசி வழியே வயர், ஊசியை எடுத்துவிட்டு வயரின் மேல் குழாய். ஷீத்தின் பின்புறம் ஒரு வால்வு இருக்கும். கருவிகள் போய்வரும், ரத்தம் வெளியே வராது. அளவு ‘பிரெஞ்சு’ கணக்கில். 3 பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். ஷீத்தில் எழுதியிருக்கும் எண் அதன் உள்விட்டம், கதீட்டரில் எழுதியிருக்கும் எண் வெளிவிட்டம். எனவே 6 பிரெஞ்சு ஷீத் என்றால் உள்ளே 2 மில்லிமீட்டர் இடம். தமனியில் விழும் துளை அதைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் பெரிது. மணிக்கட்டுத் தமனியின் விட்டமே பலருக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் 1992இல் மணிக்கட்டு வழியே இதய ஆஞ்சியோபிளாஸ்டி செய்யத் தொடங்கினார். அதன்பின் அந்த வழி பரவியதற்குப் பலூன்கள் ஒல்லியானது ஒரு பெரிய காரணம். தொடையில் துளையிட்டால் மணிக்கணக்கில் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். கையில் போட்டால் எழுந்து உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தச் சௌகரியத்தின் பின்னால் மடிப்பும் உறையும் இருக்கின்றன.

பலூன் உள்ளே போவது தொழிற்சாலை மடிப்போடு. ஊதிச் சுருக்கிய பிறகு அந்த மடிப்பு திரும்புவதில்லை. நல்ல தயாரிப்பில் ஓரளவு பழைய தடத்தில் சுருளும். இல்லாவிட்டால் தட்டையாகி, இரு பக்கமும் இறக்கை விரித்தது போல நிற்கும். வெளியே இழுக்கும்போது இந்த இறக்கைகள் ஷீத்தின் வாயில் இடிக்கும். ஆகவே முழுக்கச் சுருங்கும் வரை பொறுத்திருந்து, வெற்றிடத்தை விடாமல் வைத்துக்கொண்டு, மெல்ல இழுக்கிறார்கள். பலூன் நீளவாக்கில் கிழிந்தால் பெரும்பாலும் சிக்கலின்றி வந்துவிடும். குறுக்காகச் சுற்றிலும் கிழிந்தால், கிழிந்த பகுதி ஷீத்தின் வாயில் திரண்டு நின்றுகொள்ளும். அப்போது பலூனையும் ஷீத்தையும் சேர்த்து ஒன்றாக வெளியே எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே நுழையும் பலூனுக்காகத்தான் எல்லோரும் ஷீத் அளவைப் பார்க்கிறார்கள். வெளியே வரும் பலூனுக்காகவும் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் படுகிற நியாயம்.

மறுபயன்பாட்டுப் பேச்சுக்கு இங்கே வருகிறேன். பலூன் கதீட்டர் ஒரே முறை பயன்படுத்துவதற்கானது என்று அட்டையிலேயே இருக்கும். ஆனாலும் விலை காரணமாக, கழுவிக் கிருமிநீக்கம் செய்து மறுபடி பயன்படுத்துவது பற்றிய விவாதம் நம் நாட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. ஆதரிப்பவர்கள் ‘கிருமிநீக்கம் சரியாகச் செய்தால் என்ன’ என்று கேட்பார்கள். எதிர்ப்பவர்கள் தொற்றைப் பற்றிப் பேசுவார்கள். இரு தரப்பும் வடிவத்தை மறந்துவிடுகிறது. இயந்திரத்தில் மடித்து, சூட்டில் படிய வைத்து, அளவான உறைக்குள் பூட்டி வந்த பலூனைக் கையால் திரும்பச் சுற்றினால் அந்த ஒல்லி திரும்ப வராது. ஒரே சிகிச்சையின் நடுவே ஊதிய பலூனை மீண்டும் சுருட்ட உதவும் சிறு கருவியைச் சில நிறுவனங்கள் பொட்டலத்தில் வைக்கின்றன. அது அதே நோயாளிக்கு, அதே மேசையில் பயன்படுத்துவதற்கு. இன்னொருவருக்கு இன்னொரு நாள் பயன்படுத்தினால், அழுத்தத்தில் ஒரு முறை விரிந்து களைத்த சுவர், தேய்ந்த வழுக்குப் பூச்சு, பருத்த நுனி என எல்லாம் சேர்ந்து அவருடைய தமனிக்குள் போகும். இறுகிய அடைப்பைத் தாண்ட முடியாமல் தள்ளித் தள்ளித் தமனியின் உட்சுவரைக் கிழித்துவிடுவது தொற்றைவிட உடனடி ஆபத்து.

விலைப் பிரச்சினை பொய்யல்ல. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது: வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய், வரி தனி. அப்போது பலூனுக்கும் வயருக்கும் ஷீத்துக்கும் அப்படியொரு உச்சவரம்பு வைக்கவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறவர்கள் ஸ்டென்ட் வரியைத் தாண்டியும் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இரண்டு மாவட்டங்கள்

இந்தப் பலூன்கள் நம் பக்கத்தில் இதயத்துக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. சர்க்கரை நோயில் கால் ஆறாமல் போகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகளைத் திறக்கவும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலா சுருங்கினால் அதை விரிக்கவும் இதே வகைப் பலூன்தான். மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் செருப்பில்லாமல் நடந்து, உணர்ச்சியற்ற காலில் முள் ஏறியதே தெரியாமல் வரும் மனிதர்களுக்கு முதலாவது வகை நன்றாகப் பொருந்தும். வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். மாத்திரையோடு நின்றுவிட்டால் நல்லது, நிற்காதவர்களுக்குத்தான் பலூன்.

கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இலும் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இலும் வந்தன. அதற்கு முன்பெல்லாம் ரத்தக்குழாய் சிகிச்சை என்றால் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44இல் வடக்கே பெங்களூர் அல்லது தெற்கே சேலம். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், பெங்களூர் அதைப் போல் இரு மடங்கு. நோயாளி போகும் அதே சாலையில்தான் பலூன்களும் பெட்டி பெட்டியாக வருகின்றன. கோடையில் 40 டிகிரியை எட்டும் ஊர்களில், வெயிலில் நின்ற வண்டியிலோ தகரக் கூரைக் கிடங்கிலோ பெட்டி கிடந்தால், மடிப்பைப் படிய வைத்த அதே சூட்டின் தம்பி உள்ளே வேலை செய்யத் தொடங்கும். குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைக்கவும் என்று அட்டையில் எழுதியிருப்பதைச் சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து பூசிய பலூன்களுக்கு வெப்பநிலையின் மேல்வரம்பையே எண்ணாகப் போட்டிருப்பார்கள்.

அட்டையில் எழுத்தைவிடப் படங்கள்தான் அதிகம். வட்டத்துக்குள் 2 என்ற எண்ணை எழுதிக் குறுக்கே அடித்திருந்தால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. மணற்கடிகாரம் காலாவதி நாள். பல பலூன்களுக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்; அதற்கு மேல் கிருமிநீக்கத்துக்கு மட்டுமல்ல, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. குடைப்படம் நனையாமல் வைக்க, சூரியப்படம் வெயிலில் படாமல் வைக்க. பொட்டலம் கிழிந்திருந்தால் உள்ளே உறை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் எடுக்கக் கூடாது.

உறை வர மறுத்து ஒதுக்கப்பட்ட பலூன் என்னவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கமாக அது குப்பைக்குப் போகும், அடுத்தது எடுக்கப்படும், சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மருத்துவக் கருவிகளின் கோளாறுகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2015 ஜூலையில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது; இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. நோயாளிக்குத் தீங்கு நேராவிட்டாலும், நேரக்கூடியதாக இருந்த கோளாறையும் அதில் தெரிவிக்கலாம். மருத்துவரும் செவிலியரும் மட்டுமல்ல, நோயாளியின் குடும்பமும் தெரிவிக்கலாம். தெரிவிக்க வேண்டுமானால் கருவியையும் பொட்டலத்தையும் எறியாமல் எடுத்து வைத்திருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் உள்ள தயாரிப்புத் தொகுதி எண் அவசியம். பலூன், ஸ்டென்ட் பெட்டிகளில் இந்த எண்ணோடு கூடிய ஒட்டுத்தாள்கள் கூடுதலாகவே இருக்கும். ஒன்று நோயாளியின் கோப்பில் ஒட்டுவதற்கு. டிஸ்சார்ஜ் தாளில் அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்வது குடும்பத்தின் உரிமை. பலூன் வெளியே வந்துவிடும் பொருள், ஸ்டென்ட் உள்ளேயே தங்கும் பொருள். ஸ்டென்டுக்கு அந்த எண் வாழ்நாள் முழுவதும் வேண்டும். பின்னாளில் ஏதாவது தொகுதியைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தால், தமக்கு வைத்தது அதில் சேருமா என்று சொல்லக்கூடியது அந்த எண்தான்.